ஹெரால்டின் வயரிங் மகள் பொறுப்பு

பிள்ளையோடு சேர்ந்து ஒரு பழைய காரைத் தயார் பண்ண ஆசைப்படுகிறவர்கள் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்பது செலவு எவ்வளவு ஆகும் என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது எந்த வண்டி என்று. பாதி விஷயம் அங்கேயே முடிவாகிவிடுகிறது. சில வண்டிகள் பிள்ளைகளை உள்ளேயே விடாது. பானெட்டைத் திறந்தால் ஒரு கை நுழையத்தான் இடமிருக்கும், அப்பா குனிந்து வேலை பார்ப்பார், பிள்ளை பின்னால் நின்று டார்ச் பிடிக்கும், "கொஞ்சம் மேல பிடி, இந்தப் பக்கம், அங்க இல்ல" என்று பேச்சு வாங்கும். அப்படி அரைமணி நேரம் டார்ச் பிடித்த பிள்ளை மறுவாரம் ஷெட் பக்கம் வராது. அதைக் குறை சொல்ல முடியாது. டார்ச் பிடிப்பது ஒரு வேலையே இல்லை.

எங்களுடையது ஸ்டாண்டர்டு ஹெரால்ட், 1967-ல் பதிவான இரண்டு கதவு வண்டி. இந்த வண்டியைப் பக்கத்தில் நின்று பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: இதில் பானெட் தனியாகத் திறக்காது. இரண்டு பக்கமும் இருக்கும் கொக்கியை விடுவித்துத் தூக்கினால் பானெட், இரண்டு மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்துவிடும். இன்ஜின், ஸ்டியரிங், முன் சஸ்பென்ஷன் எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். ஒரு டயர் மேல் நான், எதிர் டயர் மேல் என் மகள், நடுவில் இன்ஜின். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வேலை செய்யலாம், யாரும் யாருக்கும் பின்னால் நிற்க வேண்டியதில்லை. ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் சேர்ந்து பழகுவதற்கு இதைவிடப் பொருத்தமான இன்ஜின் அறையை நான் வேறு எந்த வண்டியிலும் பார்த்ததில்லை.

இது இப்படி அமைந்ததற்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு வியாபாரச் சங்கதிதான் காரணம். கோவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்தது ஃபிஷர் அண்ட் லட்லோ. 1953-ல் அதைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே கூடாக அடித்துக் கொடுக்க ஆள் இல்லாமல் போகவே, அந்தக் காலத்தில் மற்றவர்களெல்லாம் சேசிஸ் என்கிற அடிச்சட்டமே தனியாக இல்லாத வண்டிக்கு மாறிக்கொண்டிருந்தபோது இவர்கள் மட்டும் தனி சேசிஸ் போட்டு, பல சின்ன இடங்களில் அடித்த தகடுகளை போல்ட் போட்டு இணைக்கிற மாதிரி வண்டியை வடிவமைத்தார்கள். வெளித்தோற்றத்தை வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஜோவன்னி மிகலோட்டி. 1959-ல் ட்ரையம்ஃப் ஹெரால்ட் என்று அங்கே வெளிவந்தது. போல்ட் போட்டு இணைக்கிற வண்டி என்பதால் பாகம் பாகமாக வெளிநாடுகளுக்கு அனுப்பி அங்கே கோத்து எடுப்பதும் சுலபமாயிற்று. 1961-ல் நம் மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, ஸ்டாண்டர்டு ஹெரால்ட் என்ற பெயரில் தயாரிக்கத் தொடங்கியது. வண்டலூரில் தொழிற்சாலை. பம்பாய்க்கு ஃபியட், கல்கத்தாவுக்கு அம்பாசடர் என்றால் நமக்கு ஹெரால்ட். இங்கிலாந்தில் அதே வண்டிக்கு 1147 சிசி, அப்புறம் 1296 சிசி என்று இன்ஜின் வளர்ந்துகொண்டே போனது. இங்கே கடைசிவரை 948 சிசிதான். ஆனால் நான்கு கதவு வைத்த ஹெரால்ட் இந்தியாவில் மட்டும்தான் வந்தது, இங்கிலாந்துக்காரர்களுக்கு அது கிடைக்கவே இல்லை. எழுபதுகளில் அதுவே கெஸல் என்று பெயர் மாறி, பின்பக்க ஆக்ஸிலும் மாறி வந்தது.

எங்கள் வண்டி பொள்ளாச்சிப் பக்கம் ஒரு உறவினர் தோப்பில், மோட்டார் ரூமை ஒட்டிய சாளையில் கிடந்தது. மேலே தென்னங்கீற்று, நாலு டயரும் தரையோடு தரையாக அமுங்கி, டேஷ்போர்டுக்குப் பின்னால் எலிக்கூடு. கோயம்புத்தூருக்கு டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தபோது மகள் எட்டாம் வகுப்பு. இப்போது பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப்போகிறாள்.

வந்ததும் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் சேசிஸை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தட்டிப் பார்த்தோம். நல்ல இரும்பு டங்கென்று பேசும், துரு தின்ற இடம் டொப்பென்று உள்ளே போகும். நடு சேசிஸ் நன்றாக இருந்தது. பக்கவாட்டில் பாடியைத் தாங்குகிற அவுட்ரிக்கர்களில் இரண்டும், கதவுக்குக் கீழே ஓடுகிற சில் தகடுகளும் போயிருந்தன. இந்த வண்டியில் அந்தத் தகடுகள்கூட போல்ட்தான், கழற்றி மாற்றிக்கொள்ளலாம். அவள் சாக்பீஸால் பழுது இருக்கும் இடத்தில் வட்டம் போட்டுக்கொண்டே வந்தாள். வேலை ஆரம்பமாயிற்று.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைக்கு வேலை கொடுப்பதென்றால் ஒரு முழு இலாகாவையே கொடுத்துவிட வேண்டும். நட்டு கழுவுவது, துடைப்பது, எடுத்துக் கொடுப்பது என்று துண்டு துண்டாக இல்லை. இந்த வண்டியில் ஒரு பகுதி ஆரம்பம் முதல் கடைசிவரை உன் பொறுப்பு, முடிவு உன்னுடையது, என்ன வாங்க வேண்டும் என்று நீ சொல், நான் வாங்கித் தருகிறேன், என்று சொல்லிவிட வேண்டும். சொன்னபிறகு கையை வைக்கக்கூடாது, அதுதான் பெரியவர்களுக்குக் கஷ்டம். என் மகள் தேர்ந்தெடுத்தது வயரிங். எலி கடித்துப் போட்டதைப் பார்த்து எந்த எலக்ட்ரீஷியனும் "மொத்தமா பிச்சுப் போட்டுட்டு புதுசா இழுத்துரலாம்" என்றுதான் சொல்லியிருப்பார். அவள் பிய்த்துப் போட விடவில்லை.

பழைய வயரிங் கட்டு முழுவதையும் கழற்றி மொட்டைமாடியில் விரித்தாள். வண்டியில் எப்படிக் கிடந்ததோ அதே வடிவத்தில், ஹெட்லைட் பக்கம் தெற்கே, டெயில் லைட் பக்கம் வடக்கே. ஒவ்வொரு முனையிலும் காகித டேப் ஒட்டி எங்கே போகிறது என்று எழுதினாள். லூகாஸ் என்ற இங்கிலீஷ் கம்பெனியின் வயரிங்கில் நிறத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு. பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேரே வருவது, சாவி போட்டாலும் போடாவிட்டாலும் கரண்ட் இருக்கும். வெள்ளை, சாவி போட்டால் மட்டும். பச்சை, சாவிக்குப் பிறகு ஃப்யூஸ் வழியாக வருவது. நீலம் ஹெட்லைட், அதிலே வெள்ளைக் கோடு ஓடினால் ஹை பீம், சிவப்புக் கோடு ஓடினால் டிம். வெறும் சிவப்பு டெயில் லைட்டுக்கும் பார்க்கிங் லைட்டுக்கும். கறுப்பு எர்த். இதை ஒரு தடவை பிடித்துக்கொண்டால் அந்தக் காலத்து இங்கிலீஷ் வண்டி எதன் டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டாலும் பாதி புரியும். கட்டின் மேல்பகுதி நிறமெல்லாம் வெளுத்து ஒரே மண் நிறமாகியிருந்தது, டேப்பைப் பிரித்து உள்ளே ஓர் அங்குலம் உரித்துப் பார்த்தால் அசல் நிறம் அப்படியே இருக்கும். அப்படி ஒவ்வொன்றாக உரித்துப் பார்த்து சார்ட் பேப்பரில் வரைந்தாள். அந்தச் சார்ட் இன்னும் ஷெட் சுவரில் இருக்கிறது, கிரீஸ் விரல் அடையாளத்தோடு.

எங்களுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார், இளவயதில் ஹெரால்டில் வேலை பழகியவர், இப்போது பட்டறை இல்லை. சாயங்காலம் நடந்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்ப்பார். வயர் முனையில் டெர்மினலை வைத்து அழுத்திப் பிடிக்க வைப்பதைத்தான் கிரிம்ப் என்பது. அவர் அவளிடம் சொன்னது, "அம்மணி, கிரிம்ப் பண்ணுன வயர ஒவ்வொண்ணையும் இழுத்துப் பாரு. கையில வந்துருச்சுன்னா நல்லது, ரோட்டுல வராது." அவள் ஒன்றைக்கூட இழுத்துப் பார்க்காமல் டேப் சுற்றியதில்லை. தனக்கே சந்தேகம் வந்து சுற்றிய டேப்பைப் பிரித்து மறுபடி இழுத்துப் பார்த்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு சாயங்காலம் பின்பக்க விளக்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தோம். டெயில் லைட் எரிந்தது. இண்டிகேட்டர் போட்டால், இண்டிகேட்டர் மங்கலாகி, கூடவே டெயில் லைட்டும் விட்டு விட்டு எரிய ஆரம்பித்தது. இடது பக்கம் மட்டும். எனக்குப் பார்த்ததுமே தெரியும், எர்த் சரியில்லை. வாய்வரை வந்துவிட்டது, சொல்லவில்லை. அவள் முதலில் ஸ்விட்சைச் சந்தேகப்பட்டாள். அப்புறம் இண்டிகேட்டரை மினுக்க வைக்கிற ஃப்ளாஷர் யூனிட்டை மாற்றிப் பார்த்தாள். அப்புறம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சார்ட்டையே வெறித்துக்கொண்டிருந்தாள். அரைமணி நேரத்துக்கு மேல் இருக்கும், நான் வீல் டிரம்மைத் துடைப்பதுபோல் அங்கேயே நின்றேன். எழுந்து போய் ஒரு நீள வயரை எடுத்து ஒரு முனையை பேட்டரியின் எர்த்திலும் மறுமுனையை விளக்கின் தகரக் கூட்டிலும் வைத்தாள். இண்டிகேட்டர் பளிச்சென்று தனியாக எரிந்தது, டெயில் லைட் அசையாமல் நின்றது. வயரை எடுத்தாள், பழையபடி ஆட்டம். வைத்தாள், சரியானது. "அப்பா, கரண்டுக்குத் திரும்பிப் போக வழி இல்லீங்கப்பா, அதான் பக்கத்து பல்பு வழியா போகுது" என்றாள். விளக்கின் கூடு பாடியில் உட்காருகிற இடத்தில் பெயின்டும் துருவும் மூடியிருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, ஸ்டார் வாஷர் போட்டு முறுக்கினாள், முடிந்தது. அந்த அரைமணி நேரத்தை நான் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தால் அது எனக்கு ஒரு நிமிஷ வேலையாக முடிந்திருக்கும், அவ்வளவுதான்.

துரு எடுப்பதும் அவள் பக்கம் போய்விட்டது, அதற்குக் காரணம் பள்ளிக்கூடத்துக் கெமிஸ்ட்ரி. ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், அதில் சலவை சோடா. துருப்பிடித்த பாகத்தைத் தண்ணீரில் தொங்கவிட்டு பேட்டரி சார்ஜரின் மைனஸில் கட்ட வேண்டும், ஒரு வெறும் இரும்புத் துண்டை பாகத்தைத் தொடாமல் நிறுத்தி அதை பிளஸ்ஸில் கட்ட வேண்டும். ராத்திரி முழுக்க விட்டால் காலையில் துரு கறுப்புச் சகதியாகி பிரஷ்ஷுக்கு வந்துவிடும், நல்ல இரும்பு தேயாது. ஆசிட்டில் போட்டால் நல்ல இரும்பும் சேர்ந்து தேயும். இதில் மூன்று எச்சரிக்கை. ஹைட்ரஜன் வரும், அதனால் திறந்த வெளியில்தான் வைக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. பிளஸ்ஸில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கட்டவே கூடாது, குரோமியம் கரைந்து தண்ணீர் விஷமாகிவிடும். பிளஸ், மைனஸ் மாற்றிக் கட்டினால் நல்ல பாகம் கரைந்துபோகும், ஆகையால் சுவிட்ச் போடுவதற்கு முன்னால் இரண்டு பேரும் தனித்தனியாகப் பார்த்து ஆமாம் என்று சொல்ல வேண்டும் என்று அவளே ஒரு விதி வைத்தாள்.

முன் சஸ்பென்ஷனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஹெரால்ட் வைத்திருக்கிற யாரும் இதைத் தெரியாமல் வண்டி ஓட்டக்கூடாது. முன் சக்கரத்தைத் தாங்குகிற செங்குத்துத் தண்டு, எஃகு. அதன் அடிமுனையில் மரை. அந்த மரை கன்மெட்டலில் செய்த ஒரு கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும், ட்ரன்னியன் என்பார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை அதற்குள் சுழல வேண்டும். இதற்குப் போட வேண்டியது எண்ணெய், இ.பி. 90 கியர் ஆயில். கிரீஸ் போடக்கூடாது. இது எங்கேயும் ரகசியம் இல்லை, கம்பெனி புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் ஊரில் பட்டறைக்குப் பட்டறை கிரீஸ் கன்னை வைத்து அடித்துவிடுகிறார்கள். கிரீஸ் நாளாவட்டத்தில் கட்டியாகி, அடி மரை வரைக்கும் இறங்காது, உள்ளே தண்ணீர் நின்று துரு பிடிக்கும். பிறகு ஒரு நாள் சின்ன வேகத்தில் ஸ்டியரிங் ஒடிக்கும்போது தண்டு மரையோடு முறிந்து சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிவிடும். எங்கள் வண்டியில் கழற்றியபோது உள்ளே இருந்தது பழுப்பு மெழுகாய் இறுகிப்போன கிரீஸ். துடைத்துவிட்டுப் பார்த்தால் அடி மரையில் துருக்குழி.

கோயம்புத்தூரில் இருப்பதன் லாபம், லேத்து பட்டறைக்குப் பஞ்சமில்லை. கணபதியில் ஒரு பட்டறையில் அவ்வளவு நுணுக்கமாக புஷ் கடைந்து கொடுப்பார்கள், ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடக் குறைய இருந்தால் அவர்களே வேண்டாம் என்று தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி கடைவார்கள். இவள் போனால் அந்த அண்ணன் மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்து "நீயே அளந்து சொல்லு கண்ணு, நான் அதுக்குக் கடையறேன்" என்பார். ஆனால் இந்தத் தண்டை எடுத்துக்கொண்டு போனபோது அவர் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத நான் பண்ண மாட்டேனுங்க. எஃகு என்ன ரகம், என்ன பதம் குடுத்திருக்காங்கன்னு தெரியாம சக்கரத்தத் தாங்குற சாமானச் செய்யக்கூடாது" என்று சொல்லிவிட்டார். அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது. ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் வண்டியும் இதே குடும்பம் என்பதால் இங்கிலாந்தில் இந்தப் பாகம் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. இரண்டு தண்டும் இரண்டு ட்ரன்னியனும் அங்கிருந்து வரவழைத்தோம். வலதுக்கும் இடதுக்கும் மரை எதிரெதிராகச் சுற்றும், மாற்றிப் போட முடியாது. மாட்டி முடித்ததும் ஆயில் அடித்து, தண்டு ட்ரன்னியனுக்குள் நுழைகிற மேல்பக்கம் கசிந்து வருகிறதா என்று குனிந்து பார்த்தோம். கசிய வேண்டும். கசிந்தால்தான் மரை முழுக்க எண்ணெய் போயிருக்கிறது என்று அர்த்தம்.

ஸ்பேனர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வண்டி முழுக்க இஞ்ச் அளவு நட்டுகள்: 7/16, 1/2, 9/16. 11 எம்.எம். ஸ்பேனர் 7/16-க்கு ஒட்டிப் போகும், 13 எம்.எம். 1/2-க்கு ஏறக்குறைய உட்காரும், அந்த ஏறக்குறையவில்தான் ஐம்பது வருஷத்து நட்டின் முனை மழுங்குகிறது. உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் நல்ல இஞ்ச் செட் இன்னும் கிடைக்கும், பழைய மில் சாமான்களோடு வருவது, புதிதாக வாங்குவதைவிட உறுதி. பின்னம் என்றாலே முகம் சுளித்தவள் இப்போது நட்டைப் பார்த்தே ஒன்பது பதினாறு என்கிறாள்.

இன்ஜின் என் இலாகா. சிலிண்டரின் குறுக்களவு (போர்) 63 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் (ஸ்ட்ரோக்) 76 மில்லிமீட்டர், நாலு சிலிண்டர், ஒரே ஒரு சோலெக்ஸ் கார்பரேட்டர், கிராங்கைத் தாங்க மூன்றே பேரிங். இதில் வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: ஒருவர் கிளட்சை மிதிக்க, மற்றவர் முன்னால் இருக்கும் கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும். புல்லி முன்னும் பின்னும் நகர்வது கண்ணுக்கே தெரிந்தால், கிராங்கை முன்பின் நகராமல் பிடிக்கிற த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. அப்படியே ஓட்டினால் அது கழன்று அடியில் ஆயில் நிற்கிற சம்ப்பில் விழும், கிராங்கும் பிளாக்கும் ஒன்றையொன்று தின்ன ஆரம்பிக்கும். இதற்கு இரண்டு ஆள் கட்டாயம் வேண்டும். பிள்ளையோடு சேர்ந்து செய்ய இதைவிட நல்ல முதல் சோதனை கிடையாது.

வால்வ் இடைவெளி வைப்பதை மட்டும் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். அதற்குக் காரணம் ஒன்பது. எட்டு வால்வில் எட்டாவது முழுக்கத் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய்ய வேண்டும், ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை. எதை எடுத்தாலும் இரண்டையும் கூட்டினால் ஒன்பது வர வேண்டும். இதைக் கேட்டதும் அவளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. ஏன் ஒன்பது என்று நோட்டில் வரைந்து பார்த்து, ஒன்றும் நாலும் சிலிண்டர் ஒரே சமயத்தில் மேலே வரும், ஒன்றில் பெட்ரோல் எரியும்போது மற்றதில் புகை வெளியேறி முடியும், அதனால்தான் என்று அவளே கண்டுபிடித்தாள். ஆறின இன்ஜினில் இடைவெளி ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து பங்கு, அதை அளக்கிற மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் லேசாகப் பிடித்து இழுக்க வேண்டும், வெண்ணெய் தடவிய காகிதத்தை உருவுகிற மாதிரி. அந்தப் பிடி விரலுக்குத்தான் தெரியும், சொல்லித் தர முடியாது.

பிள்ளைக்குக் கொடுக்கக்கூடாத வேலைகளும் இருக்கின்றன, அதில் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. பிரேக் என் வேலை, நான் முடித்ததை அந்தப் பெரியவர் ஒரு தடவை கழற்றிப் பார்த்தார். நாலு சக்கரமும் டிரம் பிரேக், ஒரே லைன், ஒரு இடத்தில் ஒழுகினால் மொத்தமும் போச்சு. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், கம்ப்ரஸர் காற்று வைத்து ஊதவே கூடாது, ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியைக் கவரில் கட்டிப் போட வேண்டும். பழைய பெயின்டில் காரீயம் இருக்கலாம், உலர வைத்துத் தேய்க்கக்கூடாது, தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும், மாஸ்க் கட்டாயம். முன் காயில் ஸ்பிரிங்கை அமுக்குகிற வேலையின்போது அவள் ஷெட்டிலேயே இருக்கக்கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்கக்கூடாது, ஸ்டாண்டு போட வேண்டும், போட்டபிறகு வண்டியைப் பக்கவாட்டில் தள்ளி ஆட்டிப் பார்க்க வேண்டும். கூடாது என்றால் ஏன் கூடாது என்று முழுக்கச் சொன்னேன். ஆஸ்பெஸ்டாஸ் நுரையீரலில் என்ன செய்யும் என்பதுவரை. காரணம் தெரிந்த பிள்ளை மீறுவதில்லை.

பெட்ரோல் இப்போது பழைய பெட்ரோல் இல்லை. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20தான் பங்க்கில் வருகிறது. அந்தக் காலத்து ரப்பர் டியூப், பம்ப் டயாஃப்ரம் எல்லாம் அதில் ஊறி மெதுவாகிக் கிழியும், எத்தனால் ஈரத்தை வேறு இழுத்து டேங்க்கைத் துருப்பிடிக்க வைக்கும். டியூப் எல்லாவற்றையும் எத்தனால் தாங்குகிற ரகத்துக்கு மாற்றினோம், பம்ப்புக்குப் புது டயாஃப்ரம். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதென்றால் பெட்ரோலை வடித்துவிடுவது நல்லது.

நிறத்தில்தான் எங்களுக்குள் பெரிய சண்டை. வெளியே இருந்தது எப்போதோ அடித்த மட்டமான சிவப்பு. எனக்குக் கறுப்பு அடிக்க ஆசை. அவள் கதவின் உள்பக்க ரெக்ஸின் பலகையைக் கழற்றி, சூரிய வெளிச்சமே படாத இடத்தில் இருந்த வெளிர் நீலத்தைக் காட்டி, "இதுதான் இதோட நிறம், நாம யாருங்கப்பா மாத்தறதுக்கு" என்றாள். நான் அவளை அவினாசி ரோட்டில் 2015-ல் திறந்த ஜீடி கார் மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது, கறுப்பு வண்டிகளைக் காட்டி மனசை மாற்றலாம் என்றுதான். அவள் அங்கே ஒவ்வொரு வண்டியின் விளக்கையும் வயர் போகும் வழியையும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிர் நீலம்தான் அடித்திருக்கிறோம். வெயிலில் பார்க்கும்போது அவள் சொன்னதுதான் சரி.

இன்ஜின் ஸ்டார்ட் ஆன நாளைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டு முதலில் வெறுமனே சுற்றவிட்டு ஆயில் மேலே ஏறிவிட்டதா என்று பார்த்தோம், அப்புறம் பிளக் போட்டோம், பம்ப் லீவரைக் கையால் அடித்து கார்பரேட்டருக்குப் பெட்ரோல் ஏற்றினோம், பிடித்துக்கொண்டது. நான் சைலென்சர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் பார்த்தது டேஷ்போர்டில் எரிகிற சின்னச் சிவப்பு விளக்கை. ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்ததும் அது அணைந்தது, "சார்ஜ் ஆகுது!" என்று கத்தினாள். என் மாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை, விளக்கு அணைந்ததற்கு ஏன் இந்தக் குதி குதிக்கிறாள் என்று. "அம்மாயி, இந்த விளக்குக்கு ஒரு பக்கம் பேட்டரி, ஒரு பக்கம் டைனமோ. ரெண்டு பக்கமும் ஒரே வோல்டேஜ் ஆயிட்டா நடுவுல கரண்ட் போகாது, அணைஞ்சிரும். அணைஞ்சா டைனமோ நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று நிறுத்தி நிதானமாக விளக்கினாள். டெஸ்டரைக்கூடத் தொட்டுப் பார்க்காத மாமியார் தலையை ஆட்டி, "அப்ப அணைஞ்சாத்தான் நல்லது" என்றார். சரியாகப் பிடித்துக்கொண்டார்.

பதிவு வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு வின்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும், சேசிஸ், பாடி, இன்ஜின் மூன்றும் அசலில் இருந்து பெரிதாக மாறியிருக்கக்கூடாது. நம்பரில் வி.ஏ. என்ற எழுத்து வரும். கட்டணம் புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், பிறகு மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஏற்கெனவே நம்பர் இருக்கிற வண்டிக்குப் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம், எங்களுக்கு அதுதான் முக்கியம், மெட்ராஸ் மாநிலமாக இருந்த காலத்து எம்-மில் தொடங்குகிற நம்பர். இதில் பதிந்தால் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் என்றுதான் ரோட்டுக்கு எடுக்கலாம். ஆபீஸுக்கு ஓட்டிக்கொண்டு போகிற எண்ணம் இருப்பவர்கள் இதை யோசித்துவிட்டு விண்ணப்பம் போடுங்கள்.

அவளுக்கு 18 ஆக இன்னும் சில மாதம் இருக்கிறது. லைசன்ஸ் வாங்கி இதை ஓட்டப்போகிறாள், அதனால் பின்பக்க ஆக்ஸிலைப் பற்றி இப்போதே பேசி வைத்திருக்கிறோம். இந்த மாடலில் பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஊசலாடும், குறுக்கே ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். வேகமாக வளைவில் போய்க்கொண்டே சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டாலோ பிரேக் அடித்தாலோ பின்பக்கம் தூக்கி, சக்கரம் உள்ளே மடிந்து வண்டி வழுக்கும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் லேசாக மிதித்துக்கொண்டே போக வேண்டும். மருதமலை ரோட்டில் மெதுவாக அதைச் செய்து காட்டினேன், அவள் பக்கத்து சீட்டில் இருந்து என் கால் போகும் இடத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். அதே ரோட்டில் ஒரே மூச்சில் யூ டர்ன் அடித்தும் காட்டினேன், இந்த வண்டி 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும், இன்றைய சின்ன கார்களில்கூட பெரும்பாலானவை அதற்குள் திரும்பாது.

இன்னும் மிச்சம் இருப்பது இரண்டு வேலை. கியர்பாக்ஸில் செகண்ட் கியர் போடும்போது கடிக்கிறது, அது என் கணக்கு, மழைக்காலத்தில் இறக்கிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். இன்னொன்று இடது கதவின் கண்ணாடியை ஏற்றி இறக்குகிற ரெகுலேட்டர், பல் தேய்ந்து பாதியிலேயே நின்றுவிடுகிறது. சென்னை புதுப்பேட்டையில் தேடியாகிவிட்டது, உக்கடத்திலும் தேடியாகிவிட்டது. இரண்டு கதவு ஹெரால்டின் ரெகுலேட்டர், நான்கு கதவு மாடலுடையது சேராது. யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள், நாங்கள் இரண்டு பேரும் வந்து வாங்கிக்கொள்கிறோம்.